தண்டிக்குடி பிக்கப்: 800 ஸ்பிரிங்கை 600 ஆக்கிய கணக்கு

வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது. வாசலில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டி வைத்திருக்கும் சிறு பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியபோது, இரும்பில் சுத்தியல் விழுந்தது போல ஒரு 'டக்'. பள்ளத்தை விட்டு மேலே ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது மட்டும்தான் சத்தம். இந்த வேறுபாட்டை உரிமையாளர் கவனித்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு முன்னால் வண்டியைப் பார்த்த மூன்று பேரும் கவனித்திருக்கவில்லை. மூவர் சொன்னதும் ஒன்றுதான்: முன் ஸ்பிரிங் இளைத்துவிட்டது, இன்னும் கனமானது போட வேண்டும்.

"எத்தனை எண் போடலாம், தம்பி? 900 கிடைக்குமாமே?" என்று கேட்டார்.

முதலில் எடை போடுவோம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. காப்பிப் பழம் பறிப்பு தொடங்க இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

வண்டி, நான்கு சக்கர இயக்கம் உள்ள இரட்டைக் கேபின் டீசல் பிக்கப். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கித் தனித்தனியாக ஆடும், மேலும் கீழுமான இரட்டைக் கைகள். கீழ்க்கையின் மேல் காயில்ஓவர் நிற்கிறது, அதாவது ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் நமக்குப் பழக்கமான பட்டை ஸ்பிரிங். முன்னிரண்டு காயில்ஓவர்களும் வெளியில் வாங்கிப் பூட்டியவை: கழுத்துவளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கலாம், ஷாக் விரியும் வேகத்தைக் கிளிக் கணக்கில் கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங்கின் மீது 800 என்று அச்சிட்டிருந்தது. ஓர் அங்குலம் அமுங்க 800 பவுண்டு எடை வேண்டும் என்பது அதன் பொருள். நம் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 14.3 கிலோ.

உரிமையாளருக்குத் தண்டிக்குடிக்கு மேலே காப்பித் தோட்டம். ஊடே மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. சரிவின் கீழ்மூலையில் சௌசௌ பந்தல். வத்தலக்குண்டிலிருந்து அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறும் தார்ச்சாலை வரை எந்த வண்டியும் போகும். அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் நான்கு கிலோமீட்டருக்கு மேல் கல் பாவிய பாதை. குறுக்கே குறுக்கே மழைநீர் வாய்க்கால்கள், நடுவில் ஓரிடத்தில் அரை கிலோமீட்டருக்கு வெறும் செம்மண். பழனி மலையின் இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. பழம் பழுக்கத் தொடங்கும் நேரமும் பாதை அரித்துக்கொண்டு போகும் நேரமும் ஒன்றாகவே வந்து சேரும். ஆறு வாரக் கெடு அதனால்தான்.

எடைமேடையில்

எங்கள் அடிவாரத்தில் தேங்காய் லாரிகள் நிற்கும் எடைமேடை ஒன்று இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் போனால் பொறுமையாக எடை போட விடுவார்கள். முழு வண்டி, பிறகு முன் அச்சு மட்டும், பிறகு பின் அச்சு மட்டும். ஓர் அச்சை மட்டும் போடும்போது மற்றோர் அச்சு நிற்கும் தரையும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்தளத்தில் சக்கரம் நின்றால் கணக்கு ஏமாற்றும். அந்த மேடை 10 கிலோவுக்குக் கீழே சொல்லாது. இந்த வேலைக்கு அது போதும்.

அரை டேங்க் டீசல், முன்னிருக்கையில் இரண்டு பேர், பின்னால் காலி: மொத்தம் 2,080 கிலோ. முன் அச்சில் 1,180, பின் அச்சில் 900. அடுத்து, எங்கள் ஊரில் கிடைத்த சிமென்ட் மூட்டைகளும் சௌசௌ சாக்குகளுமாக 640 கிலோ ஏற்றி மறுபடி போட்டோம். பின் அச்சு 1,520-ஐத் தாண்டியது. முன் அச்சு 1,190.

இந்த எண்ணைப் பார்த்து உரிமையாளர் எடைமேடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். பாரம் ஏற்றினால் முன்பக்கமும் கனக்கும் என்றே அத்தனை ஆண்டும் நினைத்திருந்தார். பிக்கப்பின் தொட்டி ஏறக்குறைய பின் அச்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வைக்கும் பாரம் பின்பட்டைக்குத்தான் போகும். 'பாரம் ஏற்றுகிற வண்டி, அதனால் முன்னால் கனமான ஸ்பிரிங்' என்ற பேச்சு அந்த ராத்திரியோடு முடிந்தது.

அப்படியானால் 800 ஏன் வந்தது? அதற்கும் ஒரு வரலாறு இருந்தது. காயில்ஓவர் பூட்டிய காலத்தில் வண்டியின் முகத்தில் இரும்புக் கம்பித் தடுப்பும் அதற்குள் ஒரு வின்ச்சும், அதாவது சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளையும், இருந்தன. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்தத் தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மலைப்பாதையில் சோதனைகள் கூடக் கூட, இவரும் ஒருநாள் அபராதம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். தடுப்பும் வின்ச்சும் இன்னும் அவருடைய காப்பிக் களத்து மூலையில் கிடந்தன. மிளகு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம்: இரண்டும் சேர்ந்து 86 கிலோ.

86 கிலோ கழன்றால் முன் அச்சில் 86 கிலோதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. அது அச்சுக்கு முன்னால் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் தள்ளி நின்ற எடை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.1 மீட்டர். ஏற்றக்கோல் கணக்குப்படி அந்த 86 கிலோ முன் அச்சை 110 கிலோவுக்கு அழுத்தி, பின் அச்சை 24 கிலோ தூக்கிக்கொண்டிருந்தது. ஆக, ஒவ்வொரு முன் சக்கரத்திலும் 55 கிலோ போய்விட்டது. ஸ்பிரிங் மட்டும் பழையதே இருந்தது.

சக்கரத்துக்கு எத்தனை தெரிகிறது

ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் எண் சக்கரத்துக்குத் தெரியாது. காயில்ஓவர் கீழ்க்கையின் நடுப்பகுதியில், சாய்ந்து நிற்கிறது. சக்கரம் கையின் நுனியில் இருக்கிறது. சக்கரம் 50 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகவே அமுங்கும். எவ்வளவு குறைவு என்பதை நிறுவனக் கையேட்டில் தேடுவதைவிட அளந்துவிடுவது நல்லது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மட்டும் பூட்டி, ஜாக்கியால் சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஷாக்கின் நீளத்தைக் குறித்தோம். வண்டி நிற்கும் நிலைக்கு அருகே விகிதம் 0.58. மேலேயும் கீழேயும் கொஞ்சம் மாறுகிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த 0.58 இரண்டு முறை வேலை செய்கிறது. ஒருமுறை அமுங்கும் தூரத்தைக் குறைக்கிறது. மறுமுறை விசையைக் குறைக்கிறது. ஆகவே பெருக்க வேண்டியது 0.58-இன் வர்க்கத்தால், அதாவது 0.336-ஆல். மில்லிமீட்டருக்கு 14.3 கிலோ என்று சொல்லும் ஸ்பிரிங், சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 4.8 கிலோ மட்டுமே. பக்கத்து ஊர் ஜீப்பில் 500 போட்டிருக்கிறான், எனக்கு ஏன் 800 என்று கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஜீப்பின் ஸ்பிரிங் அச்சின் மேல் நேராக நின்றால் 500 என்பது இவருடைய 800-ஐவிட எவ்வளவோ கெட்டி.

இனி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஒரு முன் சக்கரத்தின் மேல் 590 கிலோ. அதில் சக்கரம், பிரேக், கையின் பாதி என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது சுமார் 60. மீதி 530 கிலோவை ஸ்பிரிங் தாங்குகிறது. 0.58-ஆல் வகுத்தால் ஸ்பிரிங்கின் தலையில் 914 கிலோ. 14.3-ஆல் வகுத்தால் 64 மில்லிமீட்டர் அமுக்கம். ஆனால் ஷாக் முழுவதும் விரிந்து தொங்கும்போதே ஸ்பிரிங் 35 மில்லிமீட்டர் அமுக்கப்பட்டிருந்தது. கழுத்துவளையத்தை யாரோ அவ்வளவு இறக்கித் திருகியிருந்தார்கள். இதைத்தான் பிரீலோடு என்கிறோம். 64-இல் 35 போனால் 29. அதைச் சக்கரத்துக்கு மாற்றினால் 50.

அதாவது, நிற்கும் நிலையிலிருந்து முன் சக்கரம் கீழே இறங்க வெறும் 50 மில்லிமீட்டர்தான் இடம். ஷாக்கின் மொத்த ஓட்டம் 130 மில்லிமீட்டர். சக்கரத்தில் அது 224. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏறுவதற்கு ஒதுக்கிவிட்டு, இறங்குவதற்கு நான்கு விரல் அகலம்கூட விடவில்லை. குறுக்கு வாய்க்கால் வந்ததும் சக்கரம் அடியைத் தொடுமுன் ஷாக் தன் நீட்சியின் எல்லையில் மோதுகிறது. அந்த 'டக்' இதுதான். மோதலோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அடியைத் தொடாத சக்கரம் காற்றில் தொங்குகிறது. இரண்டு முன் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் இந்த வண்டிக்குப் பூட்டு கிடையாது. முன் அச்சுக்கு வரும் இன்ஜினின் முயற்சி தொங்கும் சக்கரத்தைச் சுழற்றுவதில் போய்விடும். ஈரக் கல்லில் ஏற முடியாமல் வண்டி பின்வாங்குகிறது என்று அவர் சொன்ன இரண்டாவது புகாருக்கும் இதுதான் காரணம், டயர் அல்ல.

900 போட்டிருந்தால்? இதே பிரீலோடில் வண்டி இன்னும் உயர்ந்து, இறங்கும் இடம் இன்னும் சுருங்கியிருக்கும். கேட்டவர் நல்ல மனிதர். அவருக்குச் சொன்னவர்களும் கெட்டவர்கள் அல்லர். சத்தம் வந்தால் 'இளைத்துவிட்டது' என்று நினைப்பது பட்டை ஸ்பிரிங் காலத்துப் பழக்கம். அங்கே அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

முதல் முயற்சி: வளையத்தை மட்டும் தளர்த்தினேன்

செலவில்லாத வழியை முதலில் பார்ப்பது என் பழக்கம். அதே 800-ஐ வைத்துக்கொண்டு பிரீலோடை 35-லிருந்து 10-க்குக் குறைத்தேன். இறங்கும் இடம் 93 மில்லிமீட்டர் ஆனது. சத்தம் அன்றைக்கே நின்றது.

உரிமையாளர் மகிழ்ச்சியாகப் போய், இரண்டாம் நாள் கோபமாகத் திரும்பி வந்தார். வண்டியின் மூக்கு 43 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தோட்டத்துப் பாதையில் ஒரு வளைவில் பாறை முதுகு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் அடித்தகடு உரசிவிட்டது. அதோடு, "ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் மெத்தென்று இருக்கும் என்றார்களே, கல்லில் போகும்போது பல் இன்னும் அடித்துக்கொள்கிறதே" என்றார்.

பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகும், குறைத்தால் மிருதுவாகும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தால் மெத்தை கெட்டியாகிவிடாது. கட்டில் உயரும், அவ்வளவுதான். வளையத்தை எங்கே வைத்தாலும் வண்டியின் எடை அதே 530 கிலோ. ஸ்பிரிங் அதே 64 மில்லிமீட்டர்தான் அமுங்கும். மாறுவது உயரமும், மேலே கீழே இருக்கும் இடத்தின் பங்கீடும் மட்டுமே. கல்லின் அடி குறைய வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

எந்த எண்ணுக்கு மாற்றுவது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை ஓடியது. வண்டியின் முன்பக்கத்தைத் தட்டிவிட்டால் அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று கணக்குப் போடலாம். 800-இல் 1.5 முறை. 700-இல் 1.4. 600-இல் 1.3. எண்ணில் கால்வாசி குறைந்தும் ஆட்டத்தில் அவ்வளவுதான் வேறுபாடு, ஏனென்றால் இது வர்க்கமூலத்தோடு போகும் கணக்கு. சாலை வண்டிகளுக்கு ஒரு பழைய விதி உண்டு. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஓலி நிலைநாட்டியது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்று வேகமாக ஆட வேண்டும். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்னால் வருவது தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி தலையாட்டாமல் மட்டமாகப் போகும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் இந்த விதி அழகாக வேலை செய்யும். 3.1 மீட்டர் இடைவெளியைக் கடக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. தோட்டத்துப் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர்தான் வேகம். அங்கே பின் சக்கரம் மேட்டுக்கு வந்து சேர முக்கால் நொடி ஆகிறது. அதற்குள் முன்பக்கம் ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்திருக்கும். எட்டிப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. ஆகையால் விதியைக் காட்டி முன் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வண்டிக்கு வேண்டியது வாய்க்காலில் சக்கரம் அடியைத் தொடுவது. அதற்கு மெதுவான ஸ்பிரிங்கும் இறங்க இடமும் வேண்டும். 600 என்று முடிவு செய்தேன்.

நண்பர் ஒருவர், இரண்டு ஸ்பிரிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையைச் சொன்னார். பாலைவனப் பந்தய வண்டிகளில் அது பொருந்தும். 600-இன் மேல் 300-ஐ வைத்தால் சேர்ந்து 200 போல நடந்துகொள்ளும். நம் 914 கிலோவுக்கு அது 256 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். எங்கள் ஷாக்கின் முழு ஓட்டமே 130. பேச்சை அங்கேயே விட்டோம்.

இரண்டாம் முயற்சி: 600

புது ஸ்பிரிங் வந்ததும் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளந்து பார்த்தேன். கம்பியின் தடிமனை நான்கு மடிப் பெருக்கி, சுருளின் சராசரி விட்டத்தை மும்மடிப் பெருக்கி வகுக்கும் சூத்திரம். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான்கு மடி என்பதால் வெர்னியரில் நூலிழை பிசகினாலும் விடை ஓடிவிடும். பெயின்டோடு அளந்தபோது கம்பி 14.2 மில்லிமீட்டர், கணக்கில் 650 வந்தது. அனுப்பியவர் மீது சந்தேகம் வந்து, ஒரு மூலையில் பெயின்டைச் சுரண்டிவிட்டு அளந்தேன். 14.0. வேலை செய்யும் சுற்றுகள் ஏழரை. கணக்கு 620 சொன்னது. சுற்றுகளை எண்ணுவதிலேயே அவ்வளவு பிசகு வரும் என்பதால் 600 என்றே வைத்துக்கொண்டேன்.

மில்லிமீட்டருக்கு 10.7 கிலோ. 914 கிலோவுக்கு 85 மில்லிமீட்டர் அமுங்கும். சக்கரம் இறங்க 80 மில்லிமீட்டர் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்குப் பிரீலோடு 39. பழைய 35-ஐவிட அதிகம். மிருதுவாக்குகிறேன் என்று சொல்லிவிட்டு வளையத்தை இன்னும் இறுக்குகிறானே என்று உரிமையாளர் என்னையும் ஸ்பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டில் கதையை மறுபடி சொன்னேன்.

வண்டி, தடுப்பைக் கழற்றிய பிறகு நின்ற உயரத்தைவிட 30 மில்லிமீட்டர் இறங்கியது. பாறை முதுகைத் தொடவில்லை. கல் பாதையில் முதல் ஓட்டத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. வாய்க்கால்களில் நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. வழக்கமாக உருளைக் கல்லைக் கட்டையாகப் போட்டு ஏறும் இடத்தில் வண்டி சும்மா ஏறியது. நான் என் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

செம்மண் பகுதியில் பெருமை போனது. அந்த அரை கிலோமீட்டரில் மண் சலவைப்பலகை போல வரிவரியாக நிற்கும். அங்கே மட்டும் எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவார்கள். இருபது முப்பது வரிகளைக் கடந்ததும் முன்பக்கம் கீழே, அமுக்கத்தின் எல்லையில் இருக்கும் ரப்பர் முட்டில் தட்டத் தொடங்கியது. ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைச் சுற்றிவிடுவது என் வழக்கம். அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்துக்குப் பட்டை தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். இரண்டு பக்கமும் பட்டை முட்டோடு ஒட்டி நின்றது.

அன்று இரவு 700 ஸ்பிரிங் ஒரு ஜோடி வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். காகிதத்தில் அதற்கு நியாயம் இருந்தது: முழுவதும் அமுங்கும்போது 800 ஜோடி, நிற்கும் எடையைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் எதிர்த்து நிற்கும், 600 ஜோடி ஏறத்தாழ இரண்டு மடங்கு. மிருதுவான ஸ்பிரிங் தட்டத்தானே செய்யும்.

மறுநாள் என் பட்டறைப் பையன் கைபேசியில் மெதுவாக ஓடும்படி எடுத்த படத்தைக் காட்டினான். வண்டி முதல் வரியில் தட்டவில்லை. பத்தாவது வரியிலும் தட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் முன்பக்கம் சற்றுச் சற்றுக் கீழே போய்க்கொண்டே இருந்தது. மூச்சு விட நேரமில்லாதவன் குனிவது போல. சக்கரம் அமுங்குகிறது, திரும்பி விரிவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. "அண்ணே, ஸ்பிரிங் தள்ளுகிறது, ஷாக் விட மாட்டேன் என்கிறது" என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி.

விரியும் வேகத்துக்கான கிளிக்குகளை நான் தொடவே இல்லை. அவை 800 ஸ்பிரிங்குக்கு வைத்தபடியே இருந்தன: முழுவதும் மூடி, எட்டுக் கிளிக் திறந்தது. கெட்டியான ஸ்பிரிங் பலமாகத் தள்ளும். அதை அடக்க ஷாக் இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கால்வாசி குறைத்தால், வேண்டிய அடக்கமும் வர்க்கமூலக் கணக்கில் 13 சதவீதம் குறையும். அதைச் செய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வண்டி மேடுகளின்மேல் படிப்படியாக உட்கார்ந்துவிடும். தெரியாத விஷயமல்ல. கல் பாதையில் கிடைத்த வெற்றியில் மறந்துபோனேன்.

ஒவ்வொரு கிளிக்காகத் திறந்துகொண்டே அதே அரை கிலோமீட்டரை ஒன்பது முறை ஓட்டினோம். பத்தில் கொஞ்சம் குறைந்தது. பதின்மூன்றில் பட்டைக்கும் முட்டுக்கும் இடையே 17 மில்லிமீட்டர் மிச்சம். பதினைந்தில் வளைவுகளில் மூக்கு துள்ளத் தொடங்கியது. பதின்மூன்றுக்கே திரும்பினோம்.

பாரத்தோடு இறங்கும்போது

இன்னொரு புகார் மிச்சமிருந்தது. பாரத்தோடு பெரும்பாறையிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் மூக்கு மிகவும் குத்துகிறது, 800 இருந்தபோது இப்படி இல்லை என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,720 கிலோ வண்டி, புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு வேகத்தில் நிறுத்தம், எடையின் மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் சுமார் 130 கிலோ கூடுகிறது. 600-இல் மூக்கு 36 மில்லிமீட்டர் இறங்கும்; 800-இல் 27. வேறுபாடு 9 மில்லிமீட்டர். இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் 'மிகவும் குத்துகிறது' என்று சொல்ல அது போதாது.

குத்துவதாக அவர் உணர்ந்தது உண்மையில் சாய்வு. பிரேக்கை விடாமலே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார்; வண்டி வெளிப்பக்க முன்மூலையில் போய் உட்காருகிறது. கீழே குனிந்து பார்த்தால், வளைவில் வண்டி சாயாமல் இரண்டு முன் சக்கரங்களையும் பிணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புக் கம்பிகள் இரண்டு பக்கமும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. காயில்ஓவர் பூட்டியபோது எண்ணெய்க் குழாயில் உரசியது என்று யாரோ கழற்றிவிட்டார்கள். முதல் நாளே நான் இதைப் பார்த்தேன். கரடுமுரடுப் பாதைக்கு இல்லாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன். அது பாதி உண்மை. 800 ஸ்பிரிங் இத்தனை நாளும் இல்லாத பாரின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாயைத் திருப்பி வேறு வழியாக விட்டு, பாரை மறுபடி இணைத்தோம். ஒற்றைச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும் இடங்களில் முன்பு கிடைத்த சுகம் கொஞ்சம் குறைந்தது. சாலையில் 640 கிலோவோடு இறங்குகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கூடவே, பழைய கெட்டி ரப்பர் முட்டுகளை எடுத்துவிட்டு, முன்னதாகவே தொட்டு மெல்ல மெல்ல இறுகும் நீளமானவற்றை வைத்தோம்.

வலது இடது உயரமும் சரிபார்த்தோம். ஓட்டுநர் ஏறினால் வலப்பக்கம் இறங்கும். வலது வளையத்தைச் சற்றே இறுக்கினால் போதும். இதில் அதிகம் விளையாடக் கூடாது. நான்கு கால் மேசையில் ஒரு காலை உயர்த்தினால் எதிர்மூலைக் காலும் சேர்ந்து கனக்கும்.

வாழைத்தார் அடிபடாமல் போகுமா என்று கேட்டார். முன் ஸ்பிரிங்கால் போகாது என்றேன். தார் பின்னால் இருக்கிறது. பின்னால், பழைய பட்டைகளோடு அதிகப்படியாகச் செருகிய ஒரு பட்டையும் இருக்கிறது. காலியாகவோ கால்பாரத்திலோ அது மரக்கட்டைதான். அதைக் கழற்றலாமா என்பது வேறு வேலை, வேறு கணக்கு. பறிப்பு முடியட்டும் என்று தள்ளிவைத்தோம்.

700 ஜோடி பத்து நாள் கழித்து வந்தது. பூட்டிப் பார்த்துவிடலாம் என்று எனக்கு ஆசை. இதே வண்டியை ஒருவர் வெறும் சாலையிலும் செம்மண்ணிலும் வேகமாக ஓட்டுவதாக இருந்தால் நான் 700-ஐத்தான் போடுவேன், பிரீலோடு 27 வைத்து. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடுகிற வண்டியைத் தொடாதே, தம்பி" என்று சொல்லிவிட்டு அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

மார்ச்சில், பறிப்பெல்லாம் முடிந்த பிறகு, சோதனைக்கு வந்தார். மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை அளந்தால் வலப்பக்கம் அப்படியே இருந்தது. இடப்பக்கம் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்று எழுத வாயெடுத்தேன். வளையத்துக்கும் உடலுக்கும் குறுக்கே நான் பூசி வைத்திருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். இடப்பக்கம் வளையத்தின் மேலிருந்த பாதிக் கோடு எதிர்ப்பக்கம் போயிருந்தது. பூட்டுத் திருகு தளர்ந்து, மலை முழுவதும் குலுங்கிக் குலுங்கி வளையம் ஒன்றரைச் சுற்று பின்வாங்கியிருக்கிறது. சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் வீதம் 3 மில்லிமீட்டர், சக்கரத்தில் அதுவே 5. திருகி இறக்கி, மரையில் பசை தடவிப் பூட்டி, புதிதாகக் கோடு போட்டு அனுப்பினேன். தண்டில் இருந்த கட்டுப்பட்டை முட்டுக்கு 9 மில்லிமீட்டர் மேலே நின்றது.